பொன்னாடையும் கம்பளியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சித்தூரிலிருந்து வந்த எனக்குத் திருப்பதித் தமிழன்பர்களாகிய நீங்கள் சற்று முன்பு பொன்னாடை போர்த்திச் சிறப்புச் செய்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் போர்வையைப் பற்றியதே. இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்த அன்பர்கள் சிறிது ஏமாற்றம் அடையக்கூடும். குளிர்காலத்தில் நம் வீட்டு முதியவர்க்கும் குழந்தைகட்கும் சிறிய செலவில் கதகதப்பான உடையும் போர்வையும் தேடிக்கொள்வது எப்படி என்பதே என் பேச்சு. ஐப்பசி பிறந்துவிட்டது. மார்கழி தொலைவில் இல்லை. ஆகவே காலத்துக்கு ஏற்ற பேச்சு என்றாவது நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

"திருப்பதியில் குளிரா? சித்திரை வெயிலில் வெந்துபோகும் ஊர் அல்லவா இது?" என்று சிலர் நகைப்பது எனக்குத் தெரிகிறது. வெயிலைப் பற்றி அவர்கள் சொல்வது மெய். ஆனால் தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகத்தின் வட எல்லையாகச் சொன்ன வேங்கட மலையின் அடிவாரத்தில் நாம் வாழ்கிறோம். கீழே திருப்பதி நகர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கீழே மேல்துண்டுடன் நடமாடுகிறவர் மேலே சென்றதும் பற்கள் கிடுகிடுக்க நிற்கிறார். மேற்கே மொகிலிக் கணவாயைக் கடந்து பலமனேரிக்குச் சென்றாலும் இதே நிலைதான். பலமனேரி, குப்பம், மதனப்பள்ளி ஆகிய ஊர்கள் 600 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில் இருப்பவை. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலையோ 1,265 மீட்டர் உயரமுடையது. பழைய சித்தூர் மாவட்டத்தில் ஒரே நாளில் வெயிலையும் பனியையும் காணலாம்.

குளிர் மிகுந்த வடநாட்டவர்க்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. குளிர் வரும் என்று அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இங்கே குடிவந்த நம் குடும்பங்களின் பெட்டிகளிலோ கம்பளி என்ற ஒன்றே இருந்ததில்லை. குளிருக்கு என்று பணம் ஒதுக்கும் வழக்கம் நம் வீட்டுக் கணக்கில் இல்லை. இந்த ஓர் இடத்தில்தான் நாம் தவறுகிறோம். நானும் தவறியவன். அக்கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டில் அலுவல் காரணமாகப் பலமனேரியில் குடியிருந்தேன். என் தந்தையார் காலமான பின், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தனித்திருந்த என் அன்னையாரை ஆவணி மாதத்தில் அழைத்து வந்தேன். மார்கழி வந்தது. எங்கள் வீட்டுத் தரை சிமெந்துத் தரை. அன்னையார் வழக்கம்போல் ஒரு கோரைப்பாயை விரித்துப் படுத்துப் பழைய நூற்புடைவை ஒன்றைப் போர்த்திக்கொள்வார். "குளிருகிறதா, அம்மா?" என்று நான் கேட்டதுண்டு. "எனக்கு என்னப்பா குளிர்! நீ குழந்தைகளுக்குப் போர்த்து" என்பார். அதை நான் அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு நாள் பின்னிரவில் அவர் உடம்பு நடுங்குவதைக் கண்டேன். அவசரத்தில் அலமாரியைத் திறந்தேன். அதில் போர்வையாக இருந்தவை என் பொன்னாடைகளே. அக்கம்பக்கத்து ஊர்களில் பேசப்போன இடங்களில் கிடைத்தவை. எண்ணிப் பார்த்தால் பதினேழு. அவற்றில் இரண்டை எடுத்துப் போர்த்தினேன். வழுவழுப்பான துணி, சரிகைக்கரை வேறு. அவர் திரும்பிப் படுத்ததும் இரண்டும் நழுவித் தரையில் விழுந்தன. பொழுது விடிவதற்குள் அவருக்குக் காய்ச்சலும் மார்புச்சளியும் கண்டுவிட்டன. மருத்துவமனையில் சேர்த்து, இருபது நாட்களுக்குப் பின்னரே வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அவர் திரும்பிய அன்று மாலை, எங்களுக்குத் தயிர் கொண்டுவரும் குருபர் குலத்து மூதாட்டி ஒருவர் கரிய கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் அதை எடுத்து அன்னையாரின் மேலே போர்த்தப் போனேன். அம்மூதாட்டி என் கையைத் தடுத்து, "மேலே அல்ல, முதலில் கீழே விரி" என்று தெலுங்கில் சொன்னார். படித்த எனக்குத் தெரியாத உண்மை ஆடு மேய்த்த அவருக்குத் தெரிந்திருந்தது. குளிர் காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. படுத்திருப்பவரின் உடற்சூட்டைத் தரை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே வெறும் பாய் இருந்தால் பயன் சிறிதே.

அன்பர்களே, அன்று முதல் இத்துறையில் நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, எந்தத் துணியும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பதே அதன் வேலை. அதையும் நூலைக் காட்டிலும் நூலிழைகளுக்கு இடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றே மிகுதியாகச் செய்கிறது. ஆட்டுமயிர் சுருள் சுருளாக இருப்பதால் நிறையக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆதலால் கனமான ஒரே சட்டையைவிட மெல்லிய சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது பல சமயங்களில் நல்லது. இரண்டுக்கும் இடையில் ஒரு காற்றடுக்கு அமைகிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

இரண்டாவது, ஈரம் குளிருக்கு உற்ற துணைவன். பருத்தி நனைந்தால் அதிலுள்ள காற்று போய்விடும். உடம்பின் சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். கம்பளியோ தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை உள்வாங்கியும் உடம்புக்கு ஈரம் தோன்றாமல் இருக்கும். 2021 நவம்பரில் இத்திருப்பதியில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தெருக்கள் ஆறாயின, தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் நீர் புகுந்தது, மலையின் நடைவழிப் படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. அத்தகைய இரவில் விலையுயர்ந்த சால்வையைக் காட்டிலும் உலர்ந்த பழைய துணியே உயிர் காக்கும். ஆகவே குளிர்காலத் துணிகளில் ஒரு பகுதியை நல்ல பாலிதீன் உறையில் கட்டி உயரமான பரணில் வைத்திருங்கள்.

இனி, எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்று பார்ப்போம்.

நம் தெருவில் மந்தையாகப் போகும் ஆடுகளைக் கண்டு, "இந்த ஊரில் ஆட்டுக்குப் பஞ்சமில்லையே, கம்பளிக்கு ஏன் பஞ்சம்?" என்று கேட்பவர் உண்டு. இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நெல்லூர்ச் செம்மறி உயர்ந்து வளரும் இறைச்சி ஆடு. அதன் உடம்பில் குட்டையான மயிர் உண்டே தவிரக் கம்பளிக்குரிய உரோமம் இல்லை. கம்பளி தருவது தக்காணி என்னும் கறுப்புச் செம்மறி. அது அனந்தபுரம், பெல்லாரி, சித்திரதுர்க்கம் முதலிய வறண்ட மேட்டு நிலங்களில் குருபர் வளர்த்து வருவது. அவர்கள் உரோமத்தைக் கத்தரித்து, நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி ஊட்டி விறைப்பாக்குவார்கள். தெலுங்கில் கொங்கடி என்றும் கொங்களி என்றும் வழங்குவது இதுவே. தொடக்கத்தில் உடம்பைக் குத்தும். மணமும் நமக்குப் பழக்கமில்லாதது. ஆனால் சிறு தூறலைத் தாங்கும். பல ஆண்டுகள் உழைக்கும். கீழே விரிக்க இதற்கு நிகர் இல்லை. கன்னட நாட்டுச் செள்ளக்கெரெ இத்தகைய கம்பளிகளுக்குப் பேர்பெற்ற ஊர். அந்தப் பக்கம் போகிறவர்கள் நெய்கிறவரிடமே வாங்கினால் நமக்கும் ஆதாயம். நலிந்துவரும் அத்தொழிலுக்கும் ஆதரவு.

மேலே போர்த்த, நம் கொங்கு நாட்டுச் சென்னிமலைக் கைத்தறிப் போர்வை போதும். அழுத்தமான பருத்தி நெசவு, சலவைக்கு எளிது. பவானி ஜமக்காளத்தை மடித்துப் பாயின்மேல் விரித்தால் தரைக்குளிர் பெரிதும் தடைப்படும். காந்தி ஜயந்தியை ஒட்டிக் கதர்க்கடைகளில் தள்ளுபடி விற்பனை நடப்பது உங்களுக்குத் தெரியும். கம்பளி ஆடைகளுக்கு அதுவே நல்ல காலம்.

கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் பலநிறக் கம்பளிகளில் பெரும்பாலானவை ஹரியானா மாநிலத்துப் பானிப்பட்டிலிருந்து வருபவை. வெளிநாடுகளில் கழித்துவிட்ட கம்பளி உடைகளைக் கிழித்து, மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்வதில் அந்நகரம் உலகப் புகழ் பெற்றது. இப்போது அங்கே பாலியெஸ்டர்ப் போர்வைகள் மிகுதியாக ஆகின்றன. அவை இலேசானவை, விரைவில் உலர்பவை, கதகதப்பும் தருபவை. ஆனால் நெருப்பருகே ஆகா. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எது கம்பளி, எது செயற்கை இழை என்று அறிய வேண்டுமானால் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, மயிர் கருகும் நாற்றம் வீசிப் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகத் திரளும்.

ஸ்வெட்டர்கள் பஞ்சாபின் லூதியானாவில் ஆகின்றன. 1959-இல் தலாய் லாமாவும் அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான திபெத்தியரும் இந்நாட்டில் அடைக்கலம் புகுந்தபின், அம்மக்களில் பலர் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இந்திய நகரங்களின் நடைபாதைகளில் ஸ்வெட்டர் கடை விரிப்பதைப் பிழைப்பாகக் கொண்டனர். தென்னாட்டு நகரங்கள் பலவற்றிலும் அவர்களைக் காணலாம். பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களின் கடை அது. நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. அவர்களிடம் வாங்கும்போது மிகவும் அடித்துப் பேரம் பேசவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

விலை குறைய ஒரு வழி உண்டு. மார்கழியில் வாங்காதீர்கள். மாசி கடைசியில், விற்காமல் தங்கியதைத் தள்ளிவிட வணிகர் விரும்பும் நேரத்தில் வாங்குங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கிக் கைப்பட்டியை மடித்துவிடுங்கள். மூத்த பிள்ளைக்குச் சிறுத்த ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டு இளைய பிள்ளைக்குக் கொடுப்பதிலும், கேட்டு வாங்குவதிலும் கூச்சம் வேண்டா. ஒரே குடியிருப்பில் இத்தனை குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்வதன் பயன் அதுவன்றோ?

வாங்கியதைப் பேணவும் வேண்டும். கம்பளியைக் கொதிநீரில் இடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், சுருங்கிவிடும். மடித்து வைப்பதற்குமுன் நன்றாக வெயிலில் காயவைத்து உதறுங்கள். அழுக்கும் வியர்வையும் இருந்தால் பூச்சி அரிக்கும். இடையிடையே உலர்ந்த வேப்பிலை இடுவது நம் பாட்டிமார் வழக்கம். இரசகற்பூர உருண்டை எனப்படும் நாப்தலீன் உருண்டைகளைக் கைக்குழந்தைகளின் துணியோடு வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அதனால் இரத்த அணுக்கள் சிதைவதுண்டு என மருத்துவர் எச்சரிக்கிறார்கள்.

தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டியன சில உண்டு. பிறந்த குழந்தைக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் ஒரு நாளாவது பொறுக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு மேனி படும்படி அணைத்து வைக்கும் முறையை 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர மருத்துவர்கள் தொடங்கினார்கள். கருவிகள் போதாத நிலையில் தொடங்கிய அம்முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தாயின் உடம்பைப்போல் மலிவான கம்பளி வேறு இல்லை! குழந்தையின் தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் இடுங்கள். முகத்தை மட்டும் மூடாதீர்கள்.

மற்றொன்று: கதவு, சன்னல்களை அடைத்துவிட்டுக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காயாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவர் உறக்கத்திலேயே உயிர் விடுவர்.

இனி, திருப்பதியில் வாழும் நமக்கென்றே வாய்த்த ஒரு கடமையைச் சொல்கிறேன். உறவினர் வராத வீடு இக்குடியிருப்பில் உண்டா? திருமலைத் தரிசனத்துக்கென்று ஊரிலிருந்து மாமனும் அத்தையும் சித்தப்பாவும் வந்துகொண்டே இருக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசியோ மார்கழியில் வருகிறது. அலிபிரியிலிருந்து 3,500-க்கு மேற்பட்ட படிகளை ஏறுகிறார்கள். வியர்வையில் சட்டை நனைகிறது. மேலே போனதும் குளிர்காற்று அடிக்கிறது. முடி காணிக்கை செலுத்தி, வெறுந்தலையோடு நீராடி, வரிசையில் பல மணி நேரம் காத்திருக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவர்க்கு இது எளிதா? அவர்களிடம் மாற்றுச்சட்டை ஒன்றும், குல்லாய் ஒன்றும், கம்பளி ஒன்றும் கொடுத்து அனுப்பினால் அதுவும் ஒரு விருந்தோம்பலே. ஆண்டில் இரண்டு நாள் பயன்படுவதற்காக ஒவ்வொரு வீடும் பத்துக் கம்பளி வாங்க இயலாது. சங்கம் வாங்கி வைத்திருக்கலாம். வேண்டியவர் பெற்றுச் சென்று, துவைத்துத் திருப்பித் தரலாம். நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் இது நடக்கட்டும்.

நம் இலக்கியத்தில் குளிர் புதிய செய்தியன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, குளிரில் நடுங்கும் கோவலர் நெருப்பில் கை காய்ச்சுவதைக் காட்டியே தொடங்குகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயில் குளிரால் வருந்துவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று வாதிடுவோர் வாதிடட்டும். மயில் வாய்திறந்து கேட்கவில்லை என்பதையும், பேகன் அது கேட்கும்வரை காத்திருக்கவில்லை என்பதையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் அன்னையாரும் கேட்கவில்லை. நான் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

இக்குடியிருப்பின் வாயிலில் இரவெல்லாம் கோலூன்றி உட்கார்ந்திருக்கும் காவலர் கேட்கமாட்டார். விடியுமுன் தெருப்பெருக்கும் அம்மையார் கேட்கமாட்டார். பால் கொண்டுவரும் பிள்ளையும் கேட்கமாட்டான். ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் பொன்னாடைகளுக்கென்று ஆகும் தொகையை அடுத்த மாசியில் கம்பளிகளுக்குச் செலவிடுங்கள். மொத்தமாக வாங்குங்கள். பாதியைக் கடனுதவிக்கு வைத்துக்கொண்டு, மறுபாதியைக் கார்த்திகைக்குமுன் இவர்கள் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மேடையில் நிறுத்திப் படம் பிடிக்கவேண்டாம்.

என் அன்னையார் அக்கரிய கம்பளியின்மேல் இன்னும் ஒன்பது குளிர்காலம் படுத்து உறங்கினார். அது இப்பொழுதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் ஓரம் பிய்ந்திருக்கிறது. நடுவில் குறையொன்றும் இல்லை. அந்தப் பதினேழு பொன்னாடைகள் என்னவாயின என்று எனக்கு நினைவில்லை.

இன்று நீங்கள் அளித்த பொன்னாடையைத் திருப்பித் தருவது மரபன்று, மகிழ்ச்சியோடு கொண்டுசெல்கிறேன். ஆனால் இன்னோர் ஆண்டு என்னைப் பேச அழைத்தால், எனக்கு எதையும் போர்த்தவேண்டாம். "உங்கள் பெயரால் ஒரு கம்பளியை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.